ஆவணியில் பள்ளிக்குப் போன மகளுக்கு

செண்பகத்துக்கு அம்மா எழுதுவது. வீட்டில் அப்பா சுகம், மாடு கன்று சுகம், சாரலும் இந்த வருஷம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. நான் மட்டும் உன் கடிதம் வந்த நாளிலிருந்து நிலைகொள்ளாமல் இருக்கிறேன். களைந்து வைத்த அரிசியை, களையவில்லையோ என்று மறுபடியும் களைகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதும் கடிதம் இது. எழுத்து கோணலாக இருக்கும், சொல்லப்போகிற விஷயமும் நேராக வராது. டீச்சரம்மா சிவப்பு மையை எடுத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்துவிடாதே. முதலில் முழுவதையும் படி, அப்புறம் கோபப்படு.

உன் கடிதத்தை அப்பாதான் முதலில் வாசித்தார், சத்தமாக. ராயகிரிப் பள்ளியில் கணக்கு டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றும், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் கணக்கை நீயே எடுக்க வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்கிறாள் என்றும், வருகிற திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். முடியாதென்றால் உன் இடத்தில் வேறு ஆளைப் போடுவார்கள், அந்த அவமானத்துக்கு முன்னால் நீயே வேலையை விட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவதாக முடித்திருந்தாய். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வரட்டும், வரட்டும். செங்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செவ்வாய் தோசமெல்லாம் பாக்க மாட்டோம்னு சொல்லிவிட்டிருக்காங்க. நல்ல நேரத்துலதான் பிள்ளைக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். நான் கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் நான்கு தரம் படித்தேன். அதில் ஒரு வரி இருந்தது. "எனக்குக் கணக்கு வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே அம்மா" என்று எழுதியிருந்தாய். அந்தத் 'தெரியுமே' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு என்ன தெரியும் என்று யோசிக்க ஆரம்பித்தவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யோசனைக்கு எண்ணெய் வார்க்கிற மாதிரி, இரண்டு நாள் கழித்து உங்கள் கணக்கு சார் வந்தார். உனக்கும் தம்பி சுப்பையாவுக்கும் தென்காசிப் பள்ளியில் கணக்கு எடுத்தாரே, அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தரம் சாரலில் பெரிய அருவிக்கு வந்து குளித்துவிட்டு, நம் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே "பிள்ளை எங்கன இருக்கா?" என்று கேட்டார். "ராயகிரில டீச்சரா இருக்கா சார். இப்பக் கணக்கு எடுக்கச் சொல்லுதாங்களாம். அது எனக்கு வராதுன்னு வேலையவே விடப் போறேங்குதா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஆவணிப் பிள்ளைக்குக் கணக்கு எப்படியம்மா வரும்?" என்றார்.

"என்ன பிள்ளைன்னு சொல்லுதீக?" என்றேன். "ஆவணிப் பிள்ளை. வாத்தியாருமாரு நாங்கள்லாம் அவளை அப்படித்தான் சொல்லுவோம். ஆனி பிறக்கையில பள்ளிக்கூடம் திறந்துருது. அவ ஆவணியிலதான வருவா. கணக்குல புதுசா உள்ளதையெல்லாம் நான் முதல் ரெண்டு மாசத்துல நடத்திருவேன். பெறவு வருசம் பூரா அதுமேலதான் கட்டிக்கிட்டுப் போறது. அந்த ரெண்டு மாசமும் பிள்ளை இங்கன அருவிக்கு வந்து தங்குற சீசன் ஆளுகளுக்கு அவியல் வச்சிக்கிட்டுல்லா இருந்தா?" அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் தரை நனையும் என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் ஆற்றிக்கொண்டிருந்த காப்பியைத் தரையில் ஊற்றிவிட்டேன்.

கோபம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். "அப்படின்னா பொட்டப்பிள்ளைக்குக் கணக்கு ஏறாதுன்னு ஏன் சார் சொன்னீக? இவுக அப்பாட்ட நீங்கதான சொன்னீக?" என்று கேட்டேன். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சொல்லியிருப்பேன். எல்லாரும் சொன்னாங்க, நானும் சொல்லியிருப்பேன்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு நாள் தவறாம வந்த பொட்டப்பிள்ளைகளும் இருந்தாங்கம்மா. அவங்கள்லயும் சிலருக்கு வரல. பயலுவள்ல பாதிப் பேருக்கு வரல. ஆனா ஒண்ணு, பயலுக்கு வரலன்னா படிக்க மாட்டேங்கான், சோம்பேறின்னு சொன்னோம். பிள்ளைக்கு வரலன்னா அவ பிறவியே அப்படித்தான்னு சொல்லிட்டோம். ஏன் அப்படிச் சொன்னோம்னு இப்பக் கேட்டா எனக்குத் தெரியல" என்றார். படித்த மனிதருக்கே தெரியவில்லை. எனக்கு எங்கே தெரியப் போகிறது?

நீ பள்ளிக்குப் போன கதையையே எடுத்துக்கொள். உனக்கு ஐந்து வயதானபோது யாரும் உன்னைப் பள்ளியில் சேர்க்கவில்லை. தம்பிக்கு வயது வரட்டும், இரண்டு பேரையும் சேர்த்துப் போடலாம், பையனுக்குத் துணையாகவும் இருக்கும் என்று ஒரு வருஷம் உன்னை நிறுத்தி வைத்தோம். ஆக நீ பள்ளியில் கால் வைத்ததே அவனுக்குத் துணையாகத்தான். அதில் எனக்கு அப்போது ஒரு குறையும் தெரியவில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. சொல்லப்போனால் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, வீட்டுக்கு வந்தால் ஒரே விளக்கு. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஒரே பாடத்தைப் படிக்கும்போது ஒன்றுக்கு ஒன்று வரும், இன்னொன்றுக்கு இன்னொன்று வரும் என்று நாங்கள் நம்புவதற்கு அதுவே வசதியாகப் போயிற்று. நீ தமிழில் முதல், பூகோளத்தில் முதல், கணக்கில் கடைசிக்கு முன்னால். அவன் எல்லாவற்றிலும் நடுவாந்திரம், கணக்கில் மட்டும் எப்படியோ உன்னைவிட ஒரு படி மேலே. "அவளுக்குத் தமிழு, அவனுக்குக் கணக்கு" என்று சீசனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னபோதெல்லாம் நீ பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு இருந்தாய்.

சாரல் இறங்கினால் நம் வீடு நம் வீடாக இருக்காது என்பது உனக்குத் தெரியும். மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து மூன்று அறையிலும் தங்குவார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனால், திரும்பி வரும்போது மலையைப் புரட்டுகிற பசியோடு வருவார்கள். இரண்டு மாதத்துக்கு அடுப்பு அணையாது. பள்ளி திறக்கிறதும் அதே நாளில்தான். சர்க்கார் சாரலைக் கேட்டா பள்ளியைத் திறக்கிறது? தம்பியை எண்ணெய் வைத்துத் தலைவாரி தென்காசிக்கு அனுப்பிவிட்டு, உன்னை நிறுத்திக்கொள்வேன். பாட்டும் உரைநடையும் அவனுடைய நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாய், இரண்டே நாளில் அவனைவிட நன்றாக ஒப்பிப்பாய். கணக்கும் அப்படியே நோட்டிலிருந்து வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நோட்டில் விடை இருந்தது, வழி இல்லை. அவனுக்கே வழி தெரியாதபோது அவன் நோட்டில் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. உன்னை நிறுத்திக்கொண்டது வேலைக்காக மட்டும் இல்லை. ஆள் வைத்துச் செய்திருக்கலாம், இலஞ்சியிலிருந்து உன் சித்தி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான்தான் வேண்டாமென்றேன். அந்தப் புகைக்குள்ளே நீ என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டு, வந்திருக்கிறவர்கள் பேசுகிறதைப்போலப் பேசிக்காட்டி என்னைச் சிரிக்க வைப்பாய். அதற்காகவே அந்த மாதங்களுக்குக் காத்திருப்பேன். ஒரு வக்கீல் வீட்டு அம்மா உன் கைச்சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு "பிள்ளையைப் பொன்னா வளத்திருக்கீங்க" என்றாள். அன்றைக்கு முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. உன்மேல் வைத்த ஆசையால்தான் உன்னைக் கெடுத்தேனா, கெடுத்ததை ஆசை என்று சொல்லிச் சமாளிக்கிறேனா, எனக்கே பிடிபடவில்லை. இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஏழாவது படித்தபோது ஒரு வருஷம் சாரல் பொய்த்தது நினைவிருக்கிறதா? ஆனி போய், ஆடியும் பாதி போய், அருவி பாறையில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பமும் வரவில்லை. வீட்டில் உனக்கு வேலை இல்லை என்பதால் திறந்த நாளிலிருந்தே பள்ளிக்குப் போனாய். அந்த வருஷம் பின்னக்கணக்கு. ஒரு சாயங்காலம் நான் கொல்லையிலிருந்து உள்ளே வந்தால், கூடம் முழுக்க அரிசி அளக்கிற படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு தம்பியை எதிரே உட்கார வைத்திருந்தாய். "அரையும் காலும் அரைக்காலும் கூட்டுன்னா முழிக்க. உரியும் உழக்கும் ஆழாக்கும்னு நினையிலே. வேற வேற அளவை எப்படிக் கூட்ட? எல்லாத்தையும் ஆழாக்காக்கு. உரிக்கு நாலு, உழக்குக்கு ரெண்டு, இது ஒண்ணு. மொத்தம் ஏழு. படிக்கு எத்தன ஆழாக்கு? எட்டு. அப்ப எட்டுல ஏழு. அம்புட்டுத்தான்" என்றாய். அவன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். நான் என்ன செய்தேன்? "ஏட்டி, அளக்குற சாமானைத் தரையில போட்டு விளையாடாத, லெச்சுமி போயிருவா. அவனைப் புஸ்தகத்தை எடுத்துப் படிக்க விடு" என்று சத்தம்போட்டு, எல்லாவற்றையும் பிடுங்கி உள்ளே வைத்தேன். எனக்குப் புரியாத கணக்கு ஒன்று என் சமையல் சாமானை வைத்து என் கண்முன்னால் நடந்தது. அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முதல் நாள் இலஞ்சி முருகனுக்கு சுப்பையா பேரில் அர்ச்சனை செய்து திருநீறு வாங்கி வந்தேன். அவனுக்குக் கணக்கு நன்றாக வர வேண்டும் என்பது வேண்டுதல். மறுநாள் காலையில் அவன் அவசரத்தில் பூசாமலே ஓடிவிட்டான், வீணாகப் போக வேண்டாமே என்று உன் நெற்றியில் இழுத்துவிட்டேன். மார்க்கு வந்தது. கணக்கில் வகுப்பிலேயே நீ முதல். அவனும் என்றைக்கும் இல்லாத மார்க்கு வாங்கியிருந்தான். அப்பா அவனுக்குப் புதுத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தோம் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாங்கியிருந்தால் நினைவு இருந்திருக்கும். நான் போட்ட கூத்தைக் கேள். முருகன் ஆள் மாறி அருள் செய்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டு, மறுபடியும் இலஞ்சிக்கு நடந்து போய், இது பையனுக்கான வேண்டுதல் என்று சாமியிடம் விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். நீ இப்போது சிரிப்பாய், சிரி. எனக்கும் இப்போது சிரிப்புதான் வருகிறது. மகள் முதல் மார்க்கு வாங்கியதற்குச் சாமியிடம் புகார் சொன்ன தாய் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த வருஷம் சாரல் வட்டியும் முதலுமாக வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். திறக்கிற நாளுக்கு முன்னால் நீ என்னிடம் வந்து, "இந்த ஒரு வருசம் மட்டும் போகட்டுமாம்மா? கணக்கு நல்லாப் புரியுது" என்று கேட்டாய். எத்தனை வருஷம் நிறுத்தினேன், அந்த ஒரு தரம்தான் நீ வாய்திறந்து கேட்டாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு மாசந்தானட்டி. தம்பிட்டப் பாத்து எழுதிக்கிடலாம்" என்றேன். நீ சரி என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி ஆய உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு கணக்கைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லை. அந்த வருஷம் பழையபடி கடைசிக்கு முன்னால் வந்து நின்றாய். போன வருஷம் வாங்கியது ஏதோ குருட்டு யோகம் என்று அப்பா சொன்னார், சாரும் மனப்பாடம் செய்திருப்பாள் என்றார், நானும் தலையாட்டினேன். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஏன் நிம்மதி என்று கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எட்டாவது முடிந்து, நான்காம் பாரம் என்கிற ஒன்பதாவதுக்குப் போகும்போதுதான் பள்ளியிலிருந்து ஆளுக்கொரு காகிதம் வந்தது. கணக்கைப் பெரிய பாடமாக எடுப்பதா, அல்லது கணக்கை விட்டுவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தையலும் வீட்டுப் பராமரிப்பும் எடுப்பதா என்று கேட்டு எழுதியிருந்தது. அப்பா கூடத்தில் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்குத் தையலே போதும்ப்பா" என்றாய். பக்கத்தில் நின்ற தம்பி, "எனக்கும் கணக்கு வேண்டாம்ப்பா" என்றான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆம்பளப் பய, நீ என்னலே தையலா எடுக்கப் போற?" என்று சொல்லிவிட்டு இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். அந்த நிமிஷத்தில் இரண்டு பேருமே வேண்டாமென்றுதான் சொன்னீர்கள். உன் சொல்லை உடனே கேட்டோம், அவன் சொல்லைக் காதில் வாங்கவில்லை. இதில் யாருக்கு அநியாயம் செய்தோம் என்று இப்போது எண்ணிப்பார்த்தால் இரண்டு பேருக்குமே என்று தோன்றுகிறது. நீ மனசாரச் சொன்னாயா, தோற்றுத் தோற்று அலுத்துப்போய்ச் சொன்னாயா என்று அன்றைக்கே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

சுப்பையாவோ கணக்கில் இரண்டு தரம் தோற்று, மூன்றாவது தரம் போராடித் தேறி, கடைசியில் போலீசில் சேர்ந்தான். பங்குனியில் லீவில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒரு பேச்சுச் சொன்னான். "அக்கா சொல்லிக்குடுத்த அந்த ஒரு வருசந்தாம்மா எனக்குக் கணக்கு புரிஞ்சுது. சாரு சொன்னா தலைக்கு மேல போகும். அவ சொன்னா உள்ள இறங்கும்." அப்போது நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அவனுக்கு ரசம் ஊற்றினேன். இப்போதுதான் அந்தப் பேச்சு வந்து என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் பார், இங்கேயும் எனக்குக் குழப்பம்தான். அவனை ஒரு நாள்கூட நான் வீட்டில் நிறுத்தவில்லை, திறந்த நாளிலிருந்து பெஞ்சில்தான் இருந்தான், அவனுக்கும் கணக்கு வரவில்லையே. அப்படியானால் நான் உன்னை நிறுத்தியதால் மட்டும்தான் உனக்கு வராமல் போயிற்று என்று எப்படி அடித்துச் சொல்வது? பக்கத்துத் தெரு வேலம்மாள் ஒரு நாள் தவறாமல் போனவள், கணக்கைக் கண்டாலே அவளுக்குக் காய்ச்சல் வரும். இன்றைக்கும் அவள் கை சுத்தமாகக் கோலம் போடும், கணக்கு என்றால் ஆள் ஓடிவிடுவாள். யாருக்கு எது வரும் என்பது ஆணா பெண்ணா என்பதில் இருக்கிறதா, சொல்லிக்கொடுக்கிறவரிடம் இருக்கிறதா, தலையெழுத்திலா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மறுபக்கத்துக்கு ஒரு ஆள் எழுந்து நிற்கிறது.

தையலையும் நீ வெறுத்துச் செய்ததாகத் தெரியவில்லை. நீ தைத்த ரவிக்கையைத்தான் இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு தையல் பிரியவில்லை. அது உனக்குப் பிடித்ததா, பிடிக்க வைத்தோமா? அதற்குப் பிறகு நடந்ததிலும் எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. செவ்வாய் தோஷம் என்று வந்த மாப்பிள்ளையெல்லாம் வாசலோடு திரும்பிப் போனதால்தான் உன்னைப் பாளையங்கோட்டைக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினோம். உன்னைப் படிக்க வைத்தது செவ்வாய்தான், நாங்கள் இல்லை. இப்போது செவ்வாயைப் பார்க்காத மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கல்யாணம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உனக்குப் பிடித்தால் செய்துகொள், நானே முன்னால் நின்று செய்து வைக்கிறேன். ஆனால் கணக்குக்குப் பயந்து கல்யாணத்துக்குள் ஓடிவராதே. அப்படி வந்தால் அங்கேயும் ஒவ்வொன்றுக்கும் வராது, வராது என்றே சொல்லிக்கொண்டிருப்பாய்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும், இருந்தாலும் தாய் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். உனக்குக் கணக்கு வரும் என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பதினைந்து வருஷமாக வராது என்று தெரியாமலே சொன்னவள், இப்போது வரும் என்று தெரியாமலே சொன்னால் அதுவும் அதே பிழைதான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆனியிலிருந்து பங்குனி வரைக்கும் ஒரு முழு வருஷம் நீ கணக்கோடு இருந்தது ஒரே ஒரு தரம். அந்த ஒரு தரமும் அது உனக்கு வந்தது. இன்னும் ஒரு முழு வருஷம் இருந்து பார். இந்தத் தடவை பெஞ்சில் இல்லை, பலகைக்கு முன்னால். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து படித்து, மறுநாள் சொல்லிக்கொடு. சந்தேகம் வந்தால் சாருக்கு எழுது, "ஆவணிப் பிள்ளைய எனக்குக் காயிதம் போடச் சொல்லுங்க" என்று போகும்போது அவரே சொல்லிவிட்டுத்தான் போனார், முகம் தொங்கிப்போய். வருஷம் முடிந்தபிறகு நீ வந்து எனக்குக் கணக்கு வராது அம்மா என்று சொல். அன்றைக்கு நம்புகிறேன். இன்றைக்கு நீ சொல்வது நீ கண்டுபிடித்த விஷயம் இல்லை, நாங்கள் உன் வாயில் போட்ட சொல்.

நேற்றுக் காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சனிக்கிழமை நான் ராயகிரிக்குப் போறேன். ஆடி முடிஞ்சுதான் வருவேன்." அவர் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். "சீசன் நேரத்துலயா? மூணு ரூமும் நிறைஞ்சு கிடக்கு. யாரு பொங்குவா?" என்றார். "இலஞ்சியில சொல்லி விட்டிருக்கேன், தங்கச்சி வருவா. அவளுக்கு ஒத்தாசைக்கு நீங்க இருக்கீக. தேங்கா துருவுறதுக்குச் செவ்வாயா பாக்கணும்?" என்றேன். அவருக்கு எரிச்சல்தான், இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பேசவில்லை. பிறகு வந்து, "அங்கன நீ போய் என்ன செய்வ? உனக்குக் கணக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுதான். பெட்டியை இறக்கித் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். செங்கோட்டைக்காரர்களுக்கு ஆவணியில் பதில் சொல்வதாக மட்டும் அவரையே சொல்ல வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கைக்கு வரும். நான் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குவேன். திங்கட்கிழமை பெரிய டீச்சரிடம் நீ சொல்ல வேண்டிய பதிலை நீதான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நான் வருகிறவரைக்கும் வேலையை விட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. அங்கே அடுப்படி என் பாடு. நீ விறகைத் தொடக் கூடாது, இலை போடக் கூடாது, தண்ணீர் எடுக்கக் கூடாது. பள்ளி விட்டு வந்ததும் விளக்கை ஏற்றி உட்கார்ந்து படி, நான் கூப்பிட்டால் மட்டும் சாப்பிட எழுந்து வா. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஆடி மாதங்கள் எத்தனை என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை மகளே. என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான், அதைக் கொண்டுவந்து தருகிறேன்.